பம்பிங் 35: அப்பாவுக்கு எந்த மயக்க மருந்து?

சத்தியமங்கலம் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம்; சுருக்கித் தருகிறேன்.

“அப்பாவுக்கு 66 வயது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து 14 மாதம் ஆகிறது. கடைசி எக்கோவில் பம்பிங் 35 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது பித்தப்பையில் கல். மூன்று தடவை வலி வந்து அட்மிட் ஆகிவிட்டார். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி, மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சித்தப்பா மகன் பார்மசி படித்தவன். புரோபோஃபால் போட விடாதே, மைக்கேல் ஜாக்சன் அதில்தான் செத்தார், எட்டோமிடேட் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் இதயத்துக்குப் பாதுகாப்பு, கேட்டு வாங்கு என்கிறான். பெரியம்மா, முழு மயக்கமே வேண்டாம், முதுகில் ஊசி போட்டால் போதும் என்கிறார். இந்த மருந்துக்காகப் பெரிய ஊருக்குப் போக வேண்டுமா? எந்த மருந்து போட்டால் அப்பா பிழைப்பார்?”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதய நோயாளிக்கென்று தனியாக ஒரு நல்ல மயக்க மருந்து கிடையாது. 27 வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். ஒரே மருந்தை ஒருவர் கையில் அமைதியாகவும் இன்னொருவர் கையில் அபாயமாகவும் பார்த்திருக்கிறேன். அப்பாவைக் காப்பாற்றப்போவது குப்பியின் மேல் எழுதியிருக்கும் பெயரைவிட, அதை எவ்வளவு, எவ்வளவு மெதுவாக, எதைக் கவனித்துக்கொண்டே கொடுக்கிறார்கள் என்பதுதான். இதை வெறும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏன் அப்படி என்று விளக்குகிறேன். விளக்கம் புரிந்தால் டாக்டரிடம் என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் பம்பிங் எண். ஆனால் தனக்கு வேண்டிய ரத்தத்தை அது வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்ந்திருக்கும்போதுதான். சுருங்கும் நேரத்தில் இடது பக்கச் சுவர் தன் ரத்தக்குழாய்களையே நசுக்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி, அதில் ஏறக்குறைய 0.5 நொடி ஓய்வு. துடிப்பு 120 ஆகிவிட்டால் மொத்தமே 0.5 நொடிதான், ஓய்வு பாதியாகச் சுருங்கிவிடும். வேலை கூடும், சாப்பாட்டு நேரம் குறையும். அடைப்பு உள்ள இதயத்தால் அதைத் தாங்க முடியாது. இன்னொரு பக்கம், பி.பி. இறங்கிவிட்டால் அந்த ஓய்வு நேரத்தில் ரத்தத்தை இதயச் சுவருக்குள் தள்ளும் அழுத்தமே இருக்காது. ஆக, துடிப்பு ஏறக் கூடாது, பி.பி. இறங்கக் கூடாது. அடைப்பு வந்த இதயத்துக்கு மயக்கம் கொடுப்பவர் மனதில் வேறு எதற்கும் முன்னால் இருப்பது இந்த இரண்டும்தான். சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே எவ்வளவு நேரம் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு இதயத் தசை பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். அவருக்குத் திம்பம் மலைப்பாதை தெரியாமல் இருக்காது. 27 கொண்டை ஊசி வளைவு. லோடு ஏற்றிய வண்டியில் வளைவுக்குள் போன பிறகு பிரேக்கைத் தேடினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய மயக்கமும் அப்படித்தான் ஓட்டப்பட வேண்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். முதலில் உங்கள் தம்பி பயப்படும் புரோபோஃபால். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயில் கலந்த மருந்து. இன்று உலகம் முழுக்க மயக்கத்தைத் தொடங்க அதிகம் பயன்படுவது இதுதான். ரத்தக்குழாய்களை விரியவைத்து பி.பி.யை இறக்கும் குணம் இதற்கு உண்டு, அது உண்மை. மைக்கேல் ஜாக்சன் 2009-ல் இறந்தது இந்த மருந்தால்தான் என்பதும் உண்மை. ஆனால் அவர் எங்கே இறந்தார் என்று பாருங்கள். வீட்டுப் படுக்கையில், தூக்கத்துக்காகக் கொடுத்த மருந்து. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் மானிட்டர்கள் அங்கே இல்லை; மூச்சு நின்றால் அந்த நொடியே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. புரோபோஃபால் கொடுத்தால் மூச்சு அடங்கும் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதற்குத்தான் தலைமாட்டிலேயே நிற்கிறோம்.

புரோபோஃபாலின் உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. எனக்கு அது பாடமான விதத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெரியவர், பம்பிங் 30. கணக்குப் பார்த்துக் குறைவாகத்தான் கொடுத்தேன். அரை நிமிடம் பார்த்தேன். கண் இமை இன்னும் அசைந்தது. மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். ஒரு நிமிடம் கழித்து இரண்டு தவணையும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தன. மேல் பி.பி. 60. பக்கத்து தியேட்டரிலிருந்து என் பேராசிரியர் ஓடிவந்து, பி.பி. ஏற்றும் மருந்து கொடுத்து, காலைத் தூக்கிப் பிடித்து, நான்கு நிமிடத்தில் மீட்டார். பெரியவர் நல்லபடியாக வீடு போனார். பேராசிரியர் அன்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “மெதுவாக ஓடும் இதயத்தில் மருந்தும் மெதுவாகத்தான் போகும்.”

விஷயம் அவ்வளவுதான். நல்ல இதயம் உள்ளவருக்குக் கையில் ஏற்றிய மருந்து ஏறக்குறைய அரை நிமிடத்தில் மூளைக்குப் போய்விடும். பம்பிங் குறைந்தவருக்கு ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேல். காத்திருக்கத் தெரியாதவர் கையில் எந்த மருந்தும் அளவு மீறிவிடும். ஆரோக்கியமான நடுவயதுக்காரருக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில் கொடுப்பதை, அப்பா மாதிரி ஒருவருக்குப் பாதிக்கும் கீழே குறைத்து, சொட்டுச் சொட்டாக, கண்ணைப் பார்த்துக்கொண்டே கொடுப்போம். பக்கத்திலேயே பி.பி. ஏற்றும் நார்அட்ரினலின் அல்லது ஃபினைல்எஃப்ரின் தயாராக இருக்கும். அப்படிக் கொடுத்தால் புரோபோஃபாலும் சாதுதான்.

உங்கள் தம்பி சொன்ன எட்டோமிடேட் நல்ல மருந்து. அவர் படித்தது சரி. மயக்கத்தைத் தொடங்கும்போது பி.பி.யை அதிகம் அசைக்காது. பம்பிங் மிகக் குறைந்தவர்களுக்கு நானும் பல தடவை அதைத்தான் எடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் தயாரிப்பதை அது தடுத்துவிடும். ஒரே ஒரு ஊசிக்கே பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரை அந்தத் தடை நீடிக்கும். ஆபரேஷனைத் தாங்க உடம்புக்குக் கார்டிசால் தேவைப்படும் நேரம் அது. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவியிருப்பவருக்கு இது சின்ன விஷயமாக இருக்காது. பித்தப்பை சீழ் பிடித்த நிலையில் அவசரமாகத் தியேட்டருக்கு வந்தால் நான் எட்டோமிடேட்டை எடுக்க யோசிப்பேன். கூடவே, மயங்கும்போது கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். ஊசி ஏறும்போது சிலருக்கு எரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டோமிடேட் வலியைத் தடுக்காது. மயக்கம் வந்ததும் நாங்கள் தொண்டைக்குள் கருவியை விட்டு நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாயில் டியூப் போடுவோம். உடம்பு அதைப் பெரிய தாக்குதலாக எடுத்துக்கொள்ளும், துடிப்பும் பி.பி.யும் துள்ளி ஏறும். வெறும் எட்டோமிடேட்டை நம்பி டியூப் போட்டால், பி.பி. இறங்காமல் காத்ததெல்லாம் அந்த நொடியில் வீணாகிவிடும். அதனால்தான் அதற்குச் சில நிமிடம் முன்பே ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தைக் கொடுக்கிறோம். தேவைப்பட்டால் லிக்னோகெய்ன், துடிப்பைச் சட்டென்று குறைத்துச் சட்டென்று விலகிவிடும் எஸ்மோலால். மயக்கம் ஒரே ஊசியில் முடியும் வேலையில்லை. நான்கைந்து மருந்துகளின் சிறிய அளவுகள், ஒன்றின் குறையை இன்னொன்று மூடும்படி, சரியான இடைவெளியில் போக வேண்டும். ‘எட்டோமிடேட் போடுங்கள்’ என்று ஒற்றைப் பெயரைக் கேட்டு வாங்குவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கெட்டமைன் பற்றியும் எங்காவது படித்திருப்பீர்கள். பி.பி.யை ஏற்றும் மருந்து, ஆகவே இதயத்துக்கு நல்லது என்று சிலர் எழுதுகிறார்கள். அது துடிப்பையும் சேர்த்து ஏற்றும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டவருக்கு அதுவே உயிர் காக்கும். ரத்தக்குழாய் அடைப்பு உள்ள உங்கள் அப்பாவுக்கு நான் அதை முதல் தேர்வாக எடுக்க மாட்டேன். வலிக்காக மிகச் சிறிய அளவில் கொடுப்பது வேறு கணக்கு.

பழைய கதை ஒன்று இங்கே பொருத்தம். 1969-ல் பாஸ்டன் மருத்துவர்கள், கடுமையான வால்வு நோயாளிகளுக்கு மார்பினை மிக அதிக அளவில் கொடுத்து, துடிப்பும் பி.பி.யும் நிலைகுலையாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று எழுதினார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஃபென்டனில் வந்தது. இதயத்துக்கு ஏற்ற மயக்கம் கிடைத்துவிட்டது என்று ஒரு தலைமுறை நம்பியது. ஆனால் நோயாளி பல மணி நேரம் வென்டிலேட்டரிலேயே கிடக்க வேண்டியிருந்தது. சிலருக்கு நடுவில் நினைவு திரும்பியது. இன்று அந்த அளவுகளை யாரும் அன்றாடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மருந்து இப்படி ராஜாவாக முடிசூட்டப்படுகிறது, அப்புறம் மற்ற மருந்துகளோடு வரிசையில் நிற்கிறது.

மயக்கத்தைத் தொடர்ந்து வைத்திருக்க வாயுவா, ஊசி வழியா என்பதும் அப்படித்தான். ஐசோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு நல்ல ரத்தக்குழாய்களை விரித்து, அடைப்புள்ள பகுதியின் ரத்தத்தைத் திருடிவிடும் என்று 1980-களில் பெரிய பயம் இருந்தது; அன்றாட மயக்கத்தில் அது கவலைப்பட வேண்டிய அளவுக்கு நடப்பதில்லை என்று பிறகு தெளிவானது. அதற்கு நேர்மாறாக, செவோஃப்ளுரேன் போன்ற வாயுக்கள் இதயத் தசையைக் காக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 2019-ல் 13 நாடுகளில் பைபாஸ் செய்துகொண்ட 5,400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாயு, மறு பாதிக்கு ஊசி வழி மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து இறந்தவர்கள் முதல் பாதியில் 2.8 சதவீதம், மறு பாதியில் 3.0 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே பொருள். இதயத்திலேயே செய்யும் ஆபரேஷனுக்கே மருந்தின் பெயர் இவ்வளவுதான் மாற்றுகிறது என்றால், நீங்கள் பெயரை நினைத்துத் தூக்கத்தை இழக்க வேண்டாம். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை: டெஸ்ஃப்ளுரேன் வாயுவைத் திடீரென்று கூட்டினால் துடிப்பு ஏறும். அது எங்கள் பாடு.

உங்கள் அப்பாவைத் தாண்டி, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஹார்ட் பேஷண்ட்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கு அந்தச் சொல் போதாது. ரத்தக்குழாய் அடைப்பு வேறு, வால்வு கோளாறு வேறு. வால்வுகளுக்குள்ளேயே ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெடுதல். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிப்போன பெண்கள் நம் ஊரில் இன்றும் நிறைய இருக்கிறார்கள்; பலருக்குக் கர்ப்ப காலத்தில்தான் அது தெரியவரும். அந்தச் சுருங்கிய வாசல் வழியாக ரத்தம் இறங்க நேரம் வேண்டும். துடிப்பு வேகமானால் ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆகவே நிதானம்தான் அவர்களுக்கு மருந்து. வால்வு மூடாமல் ஒழுகுகிறது என்றால் கதை தலைகீழ்: துடிப்பு கொஞ்சம் வேகமாக இருப்பதும் பி.பி. சற்றுத் தளர்ந்திருப்பதும் நல்லது, ரத்தம் பின்னால் ஒழுகாமல் முன்னால் போகும். வயதானவர்களுக்கு அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்குவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெளியேறும் வழி ஒரே குறுகலான வாசல். பி.பி. திடீரென்று இறங்கினால் இதயத்தால் ஈடுகட்ட முடியாது. தடித்துப்போன அதன் சுவருக்கு ரத்தம் போவது நின்று, மீட்பதே கடினமாகிவிடும். அவர்களுக்கு வழக்கமான அளவு புரோபோஃபாலை வழக்கமான வேகத்தில் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ‘எக்கோ நார்மல், பம்பிங் 60’ என்ற ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு வால்வைப் பற்றிய வரியைப் படிக்காமல் விடுவது அதைவிட மோசம். எக்கோ ரிப்போர்ட்டை முழுதாகக் கொண்டுபோங்கள், கடைசி வரியை மட்டும் போனில் படம் எடுத்துக் காட்டாதீர்கள்.

இப்போது பெரியம்மாவின் யோசனை. முதுகில் போடும் ஊசி பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. கால், இடுப்பு, அடிவயிறு ஆபரேஷன்களுக்கு அது அருமையான முறை. நானே விரும்பிச் செய்வது. ஆனால் அந்த ஊசியும் இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்களை விரித்து பி.பி.யைச் சட்டென்று இறக்கும். இடுப்பு எலும்பு முறிந்த 1,600 முதியவர்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. 60 நாள் கழித்து இறப்பையும் நடக்க முடியாமல் போவதையும் சேர்த்துப் பார்த்தார்கள். முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவுக்கோ லேப்ராஸ்கோப்பி. வயிற்றை கார்பன் டை ஆக்சைடால் ஊதிப் பெருக்கி, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பார்கள். உதரவிதானம் மேலே தள்ளப்படும், மூச்சு திணறும், தோள் வலிக்கும். விழித்திருந்து இதைத் தாங்குவது அவருக்குக் கஷ்டம். அந்தப் பதற்றமே துடிப்பை ஏற்றும். தவிர, அவர் சாப்பிடும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் உடம்பில் இருக்கும்போது முதுகில் ஊசி குத்தினால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டும் அபாயம் உண்டு. இவருக்கு முழு மயக்கமே சரி.

அந்த வயிற்று வாயுவும் சாதாரண விஷயமில்லை. பலர் மயக்க மருந்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பம்பிங் குறைந்த இதயத்துக்கு அதே அளவு சோதனை இந்த வாயுவின் அழுத்தம். ரத்தக்குழாய்களை நெருக்கி, இதயம் தள்ள வேண்டிய சுமையைக் கூட்டும். வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. வரை வைப்பார்கள். சர்ஜனிடம், முடிந்தவரை குறைந்த அழுத்தத்தில், மெதுவாக ஊதிச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். நடுவில் இதயம் தாங்கவில்லை என்று நாங்கள் சொன்னால் வாயுவை உடனே வெளியேற்றிவிட்டு, தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து முடிக்கவும் அவர் தயாராக இருக்க வேண்டும். எனக்கு ஒரு குறிப்பிட்ட மருந்து முக்கியமா, சொன்னால் கேட்கும் சர்ஜன் முக்கியமா என்றால், சர்ஜனைத்தான் சொல்வேன்.

பெரிய ஊருக்குப் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். மருந்துக்காக வேண்டாம். நான் இதுவரை சொன்னவற்றில் எதுவும் பெரிய ஆஸ்பத்திரிகளில் மட்டும் பூட்டி வைத்திருக்கும் மருந்து கிடையாது. ஆனால் சில விஷயங்கள் இல்லாத இடத்தில் இந்த ஆபரேஷன் வேண்டாம். மணிக்கட்டு ரத்தக்குழாயில் சிறிய ஊசி வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பி.பி. பார்க்கும் வசதி வேண்டும். கையில் கட்டும் பட்டை சில நிமிடத்துக்கு ஒரு தடவைதான் சொல்லும், இவருக்கு அது போதாது. மயக்கம் கொடுக்கும் முன்பே, அவர் விழித்திருக்கும்போதே அதை வைத்துவிடுவது என் வழக்கம். நார்அட்ரினலினைச் சீராக ஏற்றும் பம்ப் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கை, ராத்திரி கூப்பிட்டால் வரும் கார்டியாலஜிஸ்ட். ஆரம்பம் முதல் கடைசி வரை தியேட்டரை விட்டு நகராத மயக்க மருத்துவர். இவையெல்லாம் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்தால் அங்கேயே செய்யுங்கள். பளபளப்பான கட்டிடத்தில் இவை இல்லையென்றால் அங்கே வேண்டாம்.

அப்புறம் மாத்திரைகள். வீட்டில் உங்களால் செய்ய முடிந்த பெரிய காரியம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டென்ட் மாரடைப்புக்காக வைத்தது என்பதால், அவசரமில்லாத ஆபரேஷனுக்கு 12 மாதம் காத்திருப்பது நல்லது. அப்பாவுக்கு அது தாண்டிவிட்டது. குளோபிடோக்ரெலைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்துவோம், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வோம். ஆனால் இரண்டில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கார்டியாலஜிஸ்ட் எழுதித் தர வேண்டும். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது மயக்க மருந்து செய்யும் எதையும்விடப் பெரிய ஆபத்து.

துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வேளைகூட விட வேண்டாம்; ஆபரேஷன் அன்று காலையும் ஒரு மடக்குத் தண்ணீரோடு. இதுவரை சாப்பிடாத ஒருவருக்கு ஆபரேஷன் நாளில் புதிதாக அதை ஆரம்பிப்பது வேறு. 23 நாடுகளில் 8,351 பேரிடம் அப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது. மாரடைப்பு குறைந்தது, ஆனால் பக்கவாதமும் மரணமும் கூடின. மருந்து அதே மருந்துதான். கொடுத்த நேரமும் அளவும்தான் வினையாகின. கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாட்டினையும் தொடருங்கள். பி.பி.யைக் குறைக்கும் ராமிபிரிலை முந்தைய நாளே நிறுத்தச் சொல்வது என் பழக்கம். தொடர்ந்தாலும் பெரிய சிக்கல்கள் கூடுவதில்லை என்று 2024-ல் பிரான்சில் 2,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் தொடர்ந்தவர்களுக்கு மயக்கத்தில் பி.பி. அதிகம் இறங்கியதையும் அதே ஆய்வு காட்டியது. பம்பிங் 35 உள்ளவருக்கு அந்த இறக்கம்கூட வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நீங்கள் எழுதிய மாத்திரைப் பட்டியலில் டாபாகிளிஃப்ளோசின் இருப்பதைப் பார்த்தேன். சுகருக்கும் இதயத்துக்கும் இப்போது நிறையப் பேருக்குக் கொடுக்கிறோம், நல்ல மருந்து. ஆனால் பட்டினியும் ஆபரேஷனும் சேர்ந்தால், சுகர் அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் இதில் உண்டு. குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இதைப் பலர் ‘சுகர் மாத்திரை’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்பாவிடம் சில கேள்விகளும் கேட்டு வையுங்கள். இரண்டு மாடி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா? ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்? கால் வீங்குகிறதா? பீடி, சிகரெட் இன்னும் இருக்கிறதா? டாக்டர் முன்னால் ஆண்கள் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். நான் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதில் பாதி இந்தப் பதில்களிலிருந்துதான் வருகிறது. மூச்சு வாங்கல் இப்போது கூடியிருந்தால் தேதியைத் தள்ளிவைத்து, நீர் பிரியும் மருந்து கொடுத்து, இதயத்தைச் சரிக்கட்டிவிட்டுச் செய்வதே மேல். வலி அடங்கியிருக்கும் பித்தப்பை கொஞ்சம் காத்திருக்கும்.

‘ஹை ரிஸ்க்’ என்று அந்த டாக்டர் எழுதியதைக் கண்டு உடைந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. எக்கோவைப் பார்த்திருக்கிறார், யோசித்திருக்கிறார், உங்களிடம் மறைக்கவில்லை. பம்பிங் 35 உள்ளவரைப் பார்த்து ‘ஒன்றும் ஆகாது, சின்ன ஆபரேஷன்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்துதான் நான் கிளம்பிவிடுவேன். அவரிடம் மருந்தின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: “ஐயா, மயக்கம் கொடுக்கும்போது பி.பி. இறங்கினால் என்ன செய்வதாக வைத்திருக்கிறீர்கள்?” பதில் தயாராக வந்தால், எந்த மருந்தை எடுப்பது என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

கடைசியாக, எல்லோரும் கவனத்தைத் தளர்த்திவிடும் நேரம் பற்றி. ஆபரேஷன் முடிந்து, கண் விழித்து, பேசிவிட்டார் என்றதும் வீட்டார் பெருமூச்சு விடுகிறார்கள். நான் சொன்ன அந்த 2008 ஆய்வில் ஆபரேஷனுக்குப் பின் மாரடைப்பு வந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். நான்கில் மூன்று பங்கு முதல் 48 மணி நேரத்தில் வந்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ எதுவுமே இல்லை. வலி மருந்துகள் அந்த வலியையும் சேர்த்து மறைத்துவிடுகின்றன. அதனால் முதல் இரண்டு மூன்று நாள், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுப்பீர்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலியும் துடிப்பை ஏற்றும். குளிரில் நடுங்கினால் உடனே நர்ஸிடம் சொல்லிப் போர்த்தச் சொல்லுங்கள். நடுக்கம் இதயத்தின் வேலையை எக்கச்சக்கமாகக் கூட்டும். வாந்தி நின்று வாய் வழியாகச் சாப்பிடத் தொடங்கியதும், நிறுத்திய மாத்திரைகளை எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று எழுதி வாங்குங்கள். குளோபிடோக்ரெலை நிறுத்திய பிறகு திரும்ப ஆரம்பிக்க மறந்து, மூன்று வாரம் கழித்து நெஞ்சுவலியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று வாரம்தான் இருக்கிறது, அதில் மாத்திரை நிறுத்தும் கணக்கையும் கழிக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்டென்ட் அட்டையையும் பீரோவிலிருந்து இன்றே எடுத்து வையுங்கள். இந்த வாரத்துக்குள் கார்டியாலஜிஸ்ட்டைப் பார்த்து, எந்த மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டை மயக்க மருத்துவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மயக்கவியல் மருத்துவர்